கம்பிக்கு அந்தப் பக்கம் – 6
எழுத்தைத் திரையில் போடுவது யார்?

பென்டகனில் பாப் டெய்லரின் அலுவலகத்தோடு சென்ற இதழை முடித்திருந்தோம். ஆண்டு 1966. அறையில் மூன்று டெர்மினல்கள். ஒன்று சான்டா மோனிகாவில் எஸ்.டி.சி. நிறுவனத்திலிருந்த கணினிக்கு. இன்னொன்று பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு. மூன்றாவது எம்.ஐ.டி.க்கு. மூன்றுக்கும் கட்டளைகள் வேறு, நுழையும் முறை வேறு. ஒன்றை விட்டு எழுந்து அடுத்ததில் போய் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே டெர்மினலில் இருந்துகொண்டு எந்தக் கணினிக்கும் போக முடியாதா என்று கேட்டார் டெய்லர். மேலதிகாரி சார்லஸ் ஹெர்ஸ்ஃபெல்ட் 10 லட்சம் டாலருக்குத் தலையாட்டினார். பேச்சு முடிய 20 நிமிடம்தான் ஆனது என்பது டெய்லர் பின்னாளில் பலமுறை சொன்ன கதை.

பணம் வந்தது. திட்டத்தை நடத்த லாரி ராபர்ட்ஸ் வந்தார். பாஸ்டன் பக்கத்து பி.பி.என். நிறுவனம் ஹனிவெல் சிறு கணினிகளை மாற்றியமைத்து ‘இம்ப்’ என்ற இடைக்கணினிகளைச் செய்தது. முதல் இம்ப் 1969 ஆகஸ்ட் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் யு.சி.எல்.ஏ.வுக்கும், இரண்டாவது அக்டோபர் தொடக்கத்தில் மென்லோ பார்க்கிலிருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. நடுவே 50 கிலோபிட் வேகத்தில் ஒரு குத்தகைத் தொலைபேசித் தடம்.

இந்த வாரம் நம் கையில் இருப்பது மிகச் சின்னக் கேள்வி. இங்கே உட்கார்ந்து ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். அந்த எழுத்து உங்கள் திரையில் தோன்றுகிறது. அதைப் போட்டது யார்?

உங்கள் மேசையில் இருக்கும் கணினியிலேயே வேலை செய்கிறீர்கள் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேறு ஊரில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும்போது கதை மாறுகிறது. பெரும்பாலும் நீங்கள் தட்டிய எழுத்தை உங்கள் கணினி திரையில் போடுவதில்லை. அப்படியே அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறது. அங்கே ஓடும் நிரல் அதைப் பார்த்து, சரி என்று பட்டால், அதே எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது. போய் வந்த எழுத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். கணினிக்காரர்கள் இதை ‘எக்கோ’ என்பார்கள்.

ஏன் இத்தனை சுற்று? தட்டியதற்கு என்ன பொருள் என்பது அந்தப் பக்கத்து நிரலுக்கு மட்டுமே தெரியும். எடிட்டரில் ‘டி’ தட்டினால் அது எழுத்தாகவும் இருக்கலாம், வரியை அழிக்கும் கட்டளையாகவும் இருக்கலாம். பாஸ்வேர்ட் என்றால் எதையுமே காட்டக் கூடாது. கட்டளையின் பாதியைத் தட்டியதும் மீதியைத் தானே நிரப்பிக் கொடுக்கும் நிரல்களும் உண்டு. இந்தக் கடைசி வகை நிரல்தான் வலைப்பின்னல் வரலாற்றின் முதல் விபத்தை உண்டாக்கியது.

‘ஜி’யில் கவிழ்ந்த இரவு

1969 அக்டோபர் 29, இரவு 10.30 மணி. யு.சி.எல்.ஏ.வின் போல்டர் ஹாலில் லியனார்ட் க்ளைன்ராக்கின் ஆய்வகம். சார்லி க்ளைன் என்ற மாணவர் சிக்மா 7 கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். எஸ்.ஆர்.ஐ.யில் பில் டுவால் எஸ்.டி.எஸ். 940 கணினியைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். க்ளைன் அங்கே நுழைய ‘லாகின்’ என்று அடிக்க வேண்டும். ‘எல்’ அடித்தார். வந்ததா? வந்தது. ‘ஓ’ அடித்தார். வந்தது. ‘ஜி’ அடித்தார். 940 விழுந்தது.

இணையத்தின் முதல் செய்தி ‘எல்ஓ’ தான் என்று இந்தச் சம்பவம் எங்கும் சொல்லப்படுகிறது. ஏன் விழுந்தது என்பது அதிகம் சொல்லப்படுவதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

940இல் ‘எல்’, ‘ஓ’, ‘ஜி’ வரை வந்துவிட்டால் பயனர் ‘லாகின்’ அடிக்கப் போகிறார் என்று கணினிக்குப் புரிந்துவிடும். மீதியைத் தானே நிரப்பி ‘ஜி’, ‘ஐ’, ‘என்’ என்ற மூன்று எழுத்துகளையும் மொத்தமாகத் திருப்பி அனுப்பும். பக்கத்து அறை டெலிடைப்புக்கு இது வெகு நாளாக நடந்துகொண்டிருந்த உபசாரம். டெலிடைப் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் இயந்திரம். அது அடித்து முடிக்கும் வேகத்துக்கு ஏற்றபடி எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போகும். வலைப்பின்னல் தடத்தின் வேகம் பல நூறு மடங்கு. மூன்று எழுத்தும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அவற்றைப் பிடித்து வைக்கும் பஃபரின் அளவோ ஓரெழுத்துக்குத்தான் போதுமானது. பஃபர் நிரம்பி வழிந்தது, கணினி நின்றது.

டுவால் பஃபரின் அளவைக் கூட்டினார். சுமார் ஒரு மணி நேரத்தில் க்ளைன் மறுபடி அடித்தார். இந்த முறை உள்ளே போய்விட்டார். யு.சி.எல்.ஏ.யின் பதிவேட்டில் அந்த இரவுக்கு எதிரே எஸ்.ஆர்.ஐ.யுடன் கணினிக்குக் கணினி பேசியதாக ஒரு வரி மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, எழுத்தை அனுப்புவதில் சிக்கல் இல்லை. எல், ஓ, ஜி மூன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்த எழுத்துதான் கணினியைச் சாய்த்தது.

யாரும் தயாரிக்காத டெர்மினல்

அந்த இரவுக்கு ஒரு மாதம் முன்னால், 1969 செப்டம்பரில், யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் கார் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார். ஆர்.எஃப்.சி. வரிசையில் 15ஆவது. (கருத்துக் கேட்டு எழுதப்படும் இந்தக் குறிப்புகளை அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் தொடங்கி வைத்ததை நான்காவது பகுதியில் பார்த்தோம்.) தொலைவிலிருக்கும் டெலிடைப்பை அந்தக் கணினியின் சொந்த டெலிடைப் போலவே நடத்த ஒரு சிறு நிரல் வேண்டும் என்றது குறிப்பு. அந்த நிரலுக்கு அதில் இடப்பட்ட பெயர் டெல்நெட்.

எண்ணம் எளிது. செய்யப் போனால் ஊருக்கு ஒரு வழக்கம். டெலிடைப் வைத்திருந்த இடங்களில் விசையைத் தட்டினால் எழுத்து கணினிக்குப் போய்த் திரும்பி வந்துதான் தாளில் விழும். ஐ.பி.எம். 2741 போன்ற டெர்மினல்களில் தட்டிய கணமே, தட்டச்சு இயந்திரம்போல, எழுத்து தாளில் விழுந்துவிடும். கணினி எதையும் திருப்பி அனுப்பாது. முதல் வகைக் கணினியில் இரண்டாம் வகை டெர்மினல்காரர் நுழைந்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாக விழும். தலைகீழாக நடந்தால் அடிப்பது எதுவுமே கண்ணில் படாது. வரி முடிவுக்கு என்ன குறி, அடித்ததை அழிக்க எந்த விசை என்பதிலும் இதே குளறுபடி. 20 வகை டெர்மினல், 20 வகைக் கணினி என்றால் 400 விதமான மாற்றுநிரல்கள் எழுத வேண்டியிருக்கும்.

1971இல் ‘டிப்’ வந்ததும் நெருக்கடி கூடியது. இது டெர்மினல்களை நேராக வலைப்பின்னலில் கோக்கும் இம்ப். ஒன்றில் 63 டெர்மினல்கள்வரை மாட்டலாம். சொந்தமாகப் பெரிய கணினி வாங்க முடியாத ஆய்வகமும் ஒரு டிப் வைத்துக்கொண்டால் போதும், ஊர் உலகத்துக் கணினிகளில் எல்லாம் வேலை செய்யலாம். டெய்லர் 1966இல் கேட்டது இதைத்தான்.

தீர்வாக, இல்லாத ஒரு டெர்மினலைக் கற்பனை செய்தார்கள். அதற்கு ஒரு விசைப்பலகை, ஓர் அச்சுப்பொறி. எந்தத் தொழிற்சாலையும் அதைத் தயாரிக்கவில்லை. அதன் குணங்கள் மட்டும் தாளில் எழுதி வைக்கப்பட்டன: எந்த எழுத்துக்கு எந்த எண், வரி எப்படி முடியும் என்பதெல்லாம். இந்தப் பக்கத்து நிரல் தன் டெர்மினலின் வழக்கத்தை அந்தக் கற்பனை டெர்மினலின் வழக்கத்துக்கு மாற்றும். அந்தப் பக்கத்து நிரல் அதைத் தன் கணினிக்குப் புரியும்படி மாற்றும். 400 மாற்றுநிரல்கள் 40ஆகச் சுருங்கின.

இதில் ஒரு வினோதமும் நடந்தது. தொலைவிலிருந்து வருகிறவர் யார் என்று கணினிக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாரும் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அப்படியானால் ஆளே இல்லாமல் இரண்டு நிரல்களை எதிரெதிரே உட்கார வைத்தால்? 1972 செப்டம்பர் 18 அன்று அதையும் செய்து பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பியின் ‘பாரி’ ஓடியது. எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்பும் மனநோயாளியைப் போலப் பேசும் நிரல் அது. பி.பி.என்.னில் ‘டாக்டர்’ ஓடியது. ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசாவின் வழிவந்த, மருத்துவர்போலக் கேள்வி கேட்கும் நிரல். இரண்டையும் வலைப்பின்னல் வழியே பேசவிட்டார்கள். டாக்டர் கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்க, பாரி குதிரைப் பந்தயக்காரர்களைப் பற்றிப் புலம்பித் தள்ளியது. வின்ட் சர்ஃப் அந்த உரையாடலை 1973 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 439 ஆக வெளியிட்டார்.

மூன்று பைட்டில் ஒரு பேச்சுவார்த்தை

கற்பனை டெர்மினல் வந்த பிறகும் எக்கோ தீரவில்லை. எழுத்தைத் திருப்பிக் காட்டும் வேலை எந்தப் பக்கத்துக்கு என்று ஒரே விதியாக எழுத முடியவில்லை. டெலிடைப்காரர்களும் ஐ.பி.எம். காரர்களும் அவரவர் வழக்கத்தை விடத் தயாராக இல்லை. விட வேண்டும் என்று சொல்வதற்கும் நியாயம் இல்லை.

பி.பி.என்.னின் பெர்னி கொசெல், டேவ் வால்டன் இருவரும் 1973 ஜனவரியில் டெல்நெட் சிக்கல்களை அலசி ஒரு குறிப்பு எழுதினார்கள். அந்த ஆண்டே புதிய டெல்நெட் உருவானது. எக்கோ போன்ற விஷயங்களில் விதி வேண்டாம், இரண்டு பக்கமும் அவ்வப்போது பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அதன் சாரம். அதற்காக நான்கு சொற்கள் தரப்பட்டன: ‘நான் செய்கிறேன்’, ‘நான் செய்ய மாட்டேன்’, ‘நீ செய்’, ‘நீ செய்யாதே’.

கம்பியில் இது எப்படிப் போகும் என்று பார்த்துவிடலாம். 255 என்ற பைட் வந்தால், அடுத்து வருவது எழுத்து அல்ல, கட்டளை. 251 என்றால் ‘நான் செய்கிறேன்’. எக்கோவுக்கு எண் 1. ஆக, அந்தப் பக்கத்திலிருந்து 255, 251, 1 என்று வந்தால், ‘எழுத்தை நான் திருப்பிக் காட்டுகிறேன்’ என்று பொருள். உங்கள் பக்கம் 255, 253, 1 என்று பதில் போனால், ‘சரி, நீயே செய்’. அந்தக் கணத்திலிருந்து உங்கள் டெர்மினல் தானாக எழுத்தைப் போடுவதை நிறுத்திக்கொள்ளும். ஒப்பவில்லை என்றால் 254; பழைய வழக்கமே தொடரும். இரண்டு பக்கமும் சமம். எந்தப் பக்கமும் முதலில் கேட்கலாம், எந்தப் பக்கமும் மறுக்கலாம். ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: ‘இதை நிறுத்திவிடலாம்’ என்று ஒரு பக்கம் சொன்னால் மற்றது நிறுத்தியே ஆக வேண்டும்.

இதிலும் இரண்டு பொறிகள் இருந்தன. ‘சரி’ என்றதற்கு ‘சரி’ என்று பதில் சொல்லி, அதற்கும் ஒரு ‘சரி’ வந்தால்? பந்தியில் ‘நீங்க உட்காருங்க’, ‘இல்ல, நீங்க முதல்ல’ என்று நின்றுகொண்டே இருக்கும் சம்பந்திகளைப் போல இரண்டு கணினிகளும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால், ஏற்கெனவே நடப்பில் இருக்கும் நிலைக்கு யாரும் ஒப்புதல் அனுப்பக் கூடாது என்று விதி செய்தார்கள். இரண்டாவது பொறி இன்னும் மோசம். இரு பக்கமும் எக்கோ செய்ய ஒப்புக்கொண்டுவிட்டால், தட்டிய ஓர் எழுத்து அங்கே போய், திரும்பி இங்கே வந்து, மறுபடி அங்கே போய், முடிவில்லாமல் அலையும். இரண்டில் ஒன்றுதான் எக்கோ செய்யலாம் என்பதை நிரல் எழுதுகிறவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நான்கு சொற்களும் இன்றுவரை மாறவில்லை. 1983 மே மாதத்தில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் டெல்நெட்டின் இறுதி வடிவத்தை ஆர்.எஃப்.சி. 854 ஆக எழுதினார்கள். எக்கோவுக்குத் தனியாக 857. ரெனால்ட்ஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நொடித் தாமதம்

யார் எக்கோ செய்வது என்பதைப் பேசித் தீர்த்தார்கள். தூரத்தை அப்படிப் பேசித் தீர்க்க முடியவில்லை.

1972 டிசம்பரில் ஹவாயும், 1973இல் நார்வேயும் செயற்கைக்கோள் வழியாக அர்பாநெட் என்ற இந்த வலைப்பின்னலில் சேர்ந்தன. இத்தகைய செயற்கைக்கோள் பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும். சமிக்ஞை மேலே போய்க் கீழே இறங்கக் கால் நொடி. எழுத்து போக ஒரு கால் நொடி, எக்கோ வர ஒரு கால் நொடி. ஒவ்வோர் எழுத்தும் தட்டிய பிறகு அரை நொடி கழித்தே கண்ணில் படும். நொடிக்கு ஐந்து எழுத்து அடிப்பவர் எப்போதும் இரண்டு மூன்று எழுத்து குருட்டடியாகத்தான் அடித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பக்கத்தின் அறிவை இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தால் என்ன? எந்தெந்த எழுத்தைத் தானாகவே திரையில் போடலாம், எந்த எழுத்து வந்ததும் நிறுத்தி மொத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்பதைத் தொலைக்கணினியே முன்கூட்டிச் சொல்லிவைக்கும் முறை ஒன்றை டெல்நெட்டில் சேர்த்தார்கள். 1977இல் வந்த ஆர்.எஃப்.சி. 726 அதை விவரிக்கிறது. காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தலைவலி, பெரிதாகப் பரவவில்லை. 1989இல் க்ரே ரிசர்ச் நிறுவனத்தின் டேவிட் போர்மன் இதே நோக்கத்தில் ‘லைன்மோட்’ கொண்டு வந்தார். வரி முழுவதையும் இங்கேயே அடித்துத் திருத்தி, முடிந்ததும் அனுப்புவது.

தாமதம் ஒரு பக்கம் இருக்க, எழுத்துக்கு எழுத்து போய்வரும் செலவு இன்னொரு பக்கம். டி.சி.பி./ஐ.பி. வந்தபின் ஒரே ஓர் எழுத்தை அனுப்ப 40 பைட் முகவரி விவரம் சேர்த்து 41 பைட் பாக்கெட் போக வேண்டியிருந்தது. ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகிள் 1984 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 896இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்: சரக்கைவிடச் சுமை 4,000 சதவீதம். முன்னால் போனது போய்ச் சேர்ந்தது என்று ஒப்புகை வரும்வரை புதிய எழுத்துகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம் என்பது அவர் சொன்ன வழி. இன்றும் டி.சி.பி.யில் அவர் பெயரோடு அது இருக்கிறது.

அரை நொடிச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடை கிடைக்க 2012 ஆனது. எம்.ஐ.டி.யின் கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பி.டெக். முடித்த ஹரி பாலகிருஷ்ணனும் அந்த ஆண்டு ‘மோஷ்’ என்ற நிரலை வெளியிட்டார்கள். இதில் இந்தப் பக்கத்து நிரல் யாரிடமும் கேட்பதில்லை, ஊகிக்கிறது. ‘இந்த எழுத்து இந்த இடத்தில் விழும்’ என்று கணித்து உடனே போட்டுவிடும். தடம் மெதுவாக இருந்தால், இன்னும் உறுதியாகவில்லை என்று காட்ட அடிக்கோடு போடும். உண்மையான பதில் வந்ததும், சரியென்றால் அடிக்கோட்டை எடுக்கும், தவறென்றால் திருத்தும். 3ஜி இணைப்பில் அவர்கள் அளந்தபோது சாதாரண இணைப்பில் எழுத்து தோன்ற 503 மில்லிநொடி ஆனது. அன்றைய ஹவாய்த் தடத்தின் அதே அரை நொடி. மோஷில் 5 மில்லிநொடிக்கும் குறைவு. பத்தில் ஏழு விசைகளுக்கு உடனடியாக எழுத்து தோன்றியது.

அந்தப் பக்கம் எல்லாவற்றையும் செய்தால் தாமதம். இந்தப் பக்கம் செய்தால் விவரம் போதாது. கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் 43 ஆண்டுகளாக மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டாமல் விட்ட எழுத்து

மோஷ் ஓரிடத்தில் மட்டும் ஊகத்தைக் காட்டாது. புதிய வரி தொடங்கியதும், அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்தாவது திரும்பி வந்து உறுதியாகும்வரை தன் ஊகத்தைத் திரையில் போடாது. பாஸ்வேர்ட் கேட்கும்போது அந்தப் பக்கம் எதையும் திருப்பி அனுப்பாது. ஆகவே மோஷும் வாயைத் திறக்காது.

டெல்நெட்டும் இதையேதான் செய்தது. ‘எழுத்தை நான் காட்டுகிறேன்’ என்று பொறுப்பை வாங்கிக்கொண்ட சர்வர், பாஸ்வேர்ட் கேட்கும்போது மட்டும் காட்டாமல் இருந்துவிடும். பயனர் அடிப்பார், திரை காலியாகவே இருக்கும். பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் இது பாதுகாப்பாகத் தோன்றியது.

எக்கோவைத்தான் நிறுத்தினார்கள். எழுத்து போவது நிற்கவில்லை. பாஸ்வேர்டின் ஒவ்வோர் எழுத்தும் எந்தப் பூட்டும் இல்லாமல் கம்பியில் போய்க்கொண்டிருந்தது. பல்கலைக்கழகங்களில் 1980களில் பரவிய ஈதர்நெட்டோ ஒரே கேபிளில் பல கணினிகளைக் கோப்பது. ஒன்றின் பாக்கெட் எல்லாவற்றின் வாசலையும் கடந்துதான் போகும். தனக்கு வராததைப் படிக்காமல் விடுவது நெட்வொர்க் கார்டின் பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல ஒரு கட்டளை போதும். அதன்பின் பக்கத்துக் கணினியில் யார் எங்கே நுழைந்தாலும் அவர்கள் பெயரும் பாஸ்வேர்டும் ஓர் எழுத்துக்கு ஒரு பாக்கெட் என்று வரிசையாக வந்து விழும்.

1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் மையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இப்படி ஒட்டுக்கேட்டு, பல்லாயிரம் கணினிகளுக்குள் நுழையத் தேவையான விவரங்களை யாரோ ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள் என்றது அது. மறு ஆண்டு ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலிலும் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று சிக்கியது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலேனன் சில மாதங்களில் மாற்று ஒன்றை எழுதி முடித்தார். எழுத்து கணினியை விட்டு வெளியேறும் முன்பே மறைக்குறியாக்கம் ஆகிவிடும். அதற்கு எஸ்.எஸ்.ஹெச். என்று பெயர் வைத்தார்.

1995 ஜூலையில் அதை வெளியிடுவதற்கு முன்னால் அவருக்கு, வரும் தரவு எந்தச் சேவைக்கு என்று காட்டும் போர்ட் எண் ஒன்று தேவைப்பட்டது. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21. டெல்நெட்டுக்கு 23. நடுவிலிருந்த 22 காலியாகக் கிடந்தது. அதைத் தர முடியுமா என்று எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். டெல்நெட் செய்துவந்த வேலையை இனி இது பாதுகாப்பாகச் செய்யும் என்று விளக்கியிருந்தார். மறுநாளே பதில் வந்தது: 22 உங்களுக்குத்தான்.

பதில் எழுதியவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்.

டெல்நெட்டை எழுதியவர்களில் ஒருவரே அதை வீட்டுக்கு அனுப்பப்போகும் நிரலுக்கு எண் கொடுத்ததையும், இலவசமாக வந்த எஸ்.எஸ்.ஹெச். விலைக்கு விற்கும் சரக்காக மாறியபோது ஓபன் பி.எஸ்.டி. குழு 1999இல் என்ன செய்தது என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)